தைமசு கற்பிக்கும் பாடம்

தன்னைத் தன்னதென்று அறிதல் பிறவியில் அமைந்ததா, பின்னர் கற்றுக்கொள்வதா? தத்துவவாதிகள் நெடுங்காலமாக வாதித்துவரும் இவ்வினாவுக்கு நம் உடலிலுள்ள ஒரு சிறு சுரப்பியும் விடை கூறுகின்றது.

நெஞ்செலும்பின் பின்னேயுள்ள அச்சுரப்பியின் பெயர் தைமசு. அதன் பணியை 1961 இல் ஜாக் மில்லர் வெளிப்படுத்தினார். பிறந்தவுடன் தைமசு அகற்றப்பட்ட சுண்டெலிகள் நோயெதிர்க்கும் ஆற்றலை இழந்தன. அயல் எலியின் தோலை ஒட்டியபோதும் அதை விலக்கவில்லை. என்பு மச்சையிலிருந்து வரும் இளங் கலங்கள் இச்சுரப்பியிலேதான் ரி கலங்களாக முதிர்கின்றன.

அக்கலங்களின் வாங்கிகள் எழுந்தமானமாக அமைகின்றன. ஆதலால் கிருமியைப் பற்றும் கலமும் தோன்றும். சொந்த உடலையே பகையெனப் பற்றும் கலமும் தோன்றும். தன்னுடலின் அடையாளத்தைச் சிறிதும் உணராத கலம் மடிகின்றது. அதை மிகையாகப் பற்றும் கலமும் பெரும்பாலும் மடிகின்றது. நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவானவையே தேறி வெளிவருகின்றன.

நெஞ்சிலுள்ள தைமசு, வயிற்றிலுள்ள சதையியை எவ்வாறு அறிமுகஞ் செய்யும்? 1997 இல் கண்டறியப்பட்ட ‘ஏயர்’ என்னும் பரம்பரையலகின் ஏவலால், தைமசுக் கலங்கள் பிற உறுப்புகளுக்குரிய புரதங்களையும் சிறிதளவு ஆக்கிக் காட்டுகின்றன. சதையிக்குரிய இன்சுலினும் அவற்றுள் ஒன்று. இப்பரம்பரையலகு பழுதுற்றோரின் உடலில் ரி கலங்கள் சொந்தச் சுரப்பிகளையே தாக்குகின்றன. அறிமுகமாகாத உறவு பகையாகிவிடுகின்றது.

தன்னுடலைப் பற்றும் கலங்கள் யாவும் கொல்லப்படுவதுமில்லை. சில, ஏனைய கலங்களின் சீற்றத்தைத் தணிக்கும் காவற் கலங்களாகின்றன. அத்தகைய கலங்களை 1995 இல் இனங்காட்டிய சிமோன் சக்காகுச்சி, வேறிருவருடன் 2025 ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பெற்றார்.

ஆசிரியனாகிய என்னை இச்செய்தி சிந்திக்க வைக்கின்றது. அயலவனின் மொழியையும் வாழ்வையும் மாணவனுக்குக் காட்டாத கல்வி, அவனைப் பகைமைக்கே ஆயத்தஞ் செய்கின்றது. எனினும் இவ்வுவமையை இதற்கு மேல் நீட்டலாகாது. தைமசின் பள்ளியில் தவறியவர்க்கு மரணமே தண்டனை. நாட்டை உடலென்றும் மனிதரைக் கிருமியென்றும் பேசிய ஹிட்லரின் ஆட்சி இலட்சோபலட்சம் உயிர்களைக் குடித்தது. இயற்கையின் பெயரால் கொடுமையை நியாயப்படுத்தியோர் அவர்கள்.

மனிதன் கலமல்லன். அவன் தவறுவான், திருந்துவான், ஏன் என்றும் கேட்பான். விஞ்ஞானம் உடலின் வழியை நமக்குக் காட்டலாம். சமுதாயத்தின் அறத்தை நாமே தேர்ந்துகொள்ளல் வேண்டும். தேறாத மாணவனுக்கும், முரண்பட்டு நிற்கும் மாணவனுக்கும் அதே வகுப்பில் இடம் வைத்திருப்பதே நமது கடமை.