இரவல் சுவரும் அலங்காரமும்

தனக்கு உரிமையில்லாத ஒன்றை அழகுசெய்ய மனிதனுக்கு ஏன் தோன்றுகிறது என்ற கேள்வி, இலங்கையின் ஊவா மாகாணத்துப் பதுளையிலிருந்து பசறைக்கும் லுணுகலைக்கும் செல்லும் பாதையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களைப் பார்த்துக்கொண்டு போகிறவன் மனத்தில் எழாமல் இராது. ஏறக்குறைய 10 அடிக்கு 12 அடியான அந்தக் காம்பராக்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்குச் சுவரும் கூரையும் தோட்டத்துக்கே உரியவையாயிருந்தன. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் அவர்களிற் பெரும்பாலோருக்கு நாடும் இல்லையென்றாயிற்று. ஆயினும் தீபாவளி நெருங்கியதும் சுவர் வெள்ளை பூசிக்கொண்டது. முருகனும் லக்ஷ்மியும் கலண்டர்த் தாளிலிருந்து அதில் ஏறி வீற்றிருந்தார்கள். வாசலிற் கோலம் விழுந்தது.

லயத்துச் சுவரைப் போலவே இரவலான கணினித் திரையை அலங்கரிப்பதையே ஈடுபாடாகக் கொண்ட ஒரு சமூகம் இன்று உலகெங்கும் பரந்திருக்கிறது. விண்டோஸ் மைக்ரோசொப்டின் சொத்து. இவர்களோ ரெயின்மீட்டர் போன்ற மென்பொருள்களைக் கொண்டு அதன் முகத்தில் வர்ணமும் கடிகாரமும் சித்திரமும் தீட்டி, தீட்டியதைப் பெரும்பாலும் இலவசமாகவே, முன்பின் அறியாதவர்க்கு வழங்கிவிடுகிறார்கள். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது கண்ணாடிபோல் ஒளி ஊடுருவிய ஜன்னற் சட்டங்கள் மறைந்தன. அதே ஆண்டிற் பாதுகாப்பைக் காரணங்காட்டி, திரையோரத்துச் சிறு செயலிகளான கெட்ஜெட்டுகளை நிறுத்திவிடுமாறு அந்நிறுவனமே கூறியது. பலருடைய உழைப்பு அத்துடன் அஸ்தமித்தது. அழியப்போவதற்கு இத்தனை பிரயாசை எதற்கு என்று லௌகிகர் கேட்கிறார்கள்.

மாசி மாதத்துக் காமன் கூத்தைக் கண்டவர் அப்படிக் கேட்கமாட்டார். கிரீடமும் வர்ணமும் தரித்து ஆடிய மன்மதன் சிவனது நெற்றிக்கண்ணால் எரிந்து, ரதியின் பிரலாபத்தால் மீண்டும் எழுகிறான். மலையகத்து மக்கள் அழகின் அதிபதியையே எரித்து எழுப்பி, மறுவருஷமும் அவனுக்கு வேஷங்கட்டுகிறார்கள். நேற்றைய மாலை இன்று நிர்மால்யமாகக் களையப்படுவதால் நேற்றைய பூஜை பொய்யாகிவிடுமா? சைவ சித்தாந்தமோ இன்னும் ஆழமாகச் செல்கிறது: தனு, கரண, புவன, போகம் எனப்படும் உடல், கருவி, உலகம், நுகர்ச்சி ஆகிய நான்கும் ஆன்மாவுக்கு இறைவன் தந்தவை, நாம் திருநீறு பூசுவதும் இரவல் நெற்றியிலேதான். ஆகையால் அலங்காரம் உரிமையின் அடையாளமாக வேண்டியதில்லை. வந்து தங்கிய இடத்தை மதிக்கும் ஆன்மாவின் இயல்பென்றே நான் அதைக் கொள்கிறேன்.

ஆனால் இத்தத்துவத்தைக் காட்டி லயத்து மக்களுக்குக் காணியும் வீடும் மறுப்பது பெரும் பாவம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, அழகுசெய்த கைகளும் அந்தச் சுவர்களோடு மண்ணுள் போயின. அநித்யத்தை உபதேசிக்கும் அதிகாரம் பாதுகாப்பான வீட்டில் வசிப்பவர்க்குக் கிடையாது.

இனித் திரையலங்காரச் சமூகத்துக்கு வருவோம். அதற்கு நிறுவனம் கதவடைப்பதைவிடப் பெரிய அபாயம், செய்முறையைத் தன்னுள்ளே பூட்டிவைக்கும் மனந்தான். பூட்டியது விண்டோஸின் அடுத்த பதிப்போடு மடியும், கற்பித்தது வேறொருவர் கையில் மறுபடி எழும். ஆதலால் ஊவாவின் இளைஞர்களே, நமுனுகுல மலையையும் காமன் கூத்தையும் உங்கள் திரையில் தீட்டுங்கள். தீட்டியதை வெளியிடும்போது அதன் மூலக் கோப்பையும் செய்த விதத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.