மாயம் பொய்யன்று

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நெய்வேலிச் சுரங்கத்தில் பல்லாண்டு பணியாற்றிய அடியேனிடம் பேரன் ஒருமுறை கேட்டான்: "தாத்தா, எம்பெருமானை மாயன் என்கிறீர்கள். கரி எப்படி உண்டாயிற்று என்று பாடப்புத்தகமே சொல்லிவிடுகிறதே, இதில் மாயம் எங்கே?" அவன் கையில் பழுப்பு நிலக்கரித் துண்டு ஒன்று இருந்தது. மரத்தின் நார்கள் அதில் இன்னும் தெரிந்தன.

அப்போது விடை தோன்றவில்லை. பின்னர் எம்பெருமானாருடைய கீதாபாஷ்யத்தில் கிடைத்தது. ஏழாம் அத்தியாயத்தில், கண்ணன் தன் மாயை கடத்தற்கு அரியது என்று அருளுமிடத்தில், மாயை என்னும் சொல் பொய்யைக் குறிப்பதன்று என்று ஸ்வாமி அறுதியிடுகிறார். விசித்திரமான காரியங்களைச் செய்வதாலேயே ப்ரக்ருதிக்கு அப்பெயர். இந்திரஜாலக்காரனைப் பற்றியும் அங்கே ஒரு நுட்பம் உண்டு. அவன் காட்டும் பொருள் பொய்யாகலாம். மந்திரத்தாலும் மருந்தாலும் காண்பவர் உள்ளத்தில் அவன் விளைக்கும் அறிவோ மெய்யாகவே நிகழ்கிறது. அதனாலேயே அவனும் மாயாவி எனப்படுகிறான்.

காரணம் தெரிந்தால் மாயம் போய்விடும் என்று பேரன் கொண்டான். அடியேனும் அப்படியே கொண்டிருந்தேன். காரணத்தையே சொல்லிப் பார்ப்போம். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் நீருக்காகத் தோண்டியபோது பழுப்பு நிறப் பொருள் ஒன்று மேலே வந்தது. 1956இல் நிறுவனம் அமைந்தது. 1962இல் மின்சாரம் பிறந்தது. அந்தக் கரியோ, மனிதன் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பு நின்ற காடு. அன்று இலைகள் வாங்கிய வெயில் இன்று நம் விளக்கில் எரிகிறது. வெட்டியெடுக்கையில் கரியின் எடையில் ஏறக்குறைய பாதி நீர், ஆயினும் எரிகிறது. கரிப்படுகையின் அடியில் மேல்நோக்கி அழுத்தும் நிலத்தடி நீர். அதை இடைவிடாது இறைத்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். நெருப்புக்குரிய பொருளை நீர் தாங்கிக் கிடக்கிறது. இவ்வளவும் விளங்கியபின் வியப்பு குறைந்ததா? கூடியதே.

திருவாய்மொழி ஏழாம் பத்தின் எட்டாம் பதிகத்தில் நம்மாழ்வார், ஐம்பூதங்களாகவும் தாயாகவும் தந்தையாகவும் மக்களாகவும் அவனே நிற்பதைச் சொல்லி, இது என்ன முறை என்று அவனையே கேட்கிறார். மயர்வற மதிநலம் பெற்றவர் கேட்ட கேள்வி அது. அறிந்தவர்க்கே அவ்வளவு வியப்பு.

பாஷ்யம் ஓர் எச்சரிக்கையும் தருகிறது. இந்த மாயை பகவானின் ஸ்வரூபத்தை மறைத்து, தன்னையே இனியதென்று நினைக்கச் செய்யும். அடியேனிடம் அது நிகழ்ந்தது. மின்விசிறியின் கீழமர்ந்து திவ்யப்ரபந்தம் ஸேவிக்கையில், "நாங்கள் வெட்டிய கரி" என்று பெருமைப்பட்டதுண்டு. அதற்காக நிலத்தை விட்டு ஊர் பெயர்ந்த குடும்பங்களை நினைத்ததில்லை. எரிந்த கரி திரும்ப வாராது என்பதையும் நினைத்ததில்லை. அனைத்தும் எம்பெருமானுக்கே சேஷம் என்று வாயால் சொல்லிவிட்டு, நெஞ்சால் என்னுடைமை ஆக்கிக்கொண்டேன்.

நெய்வேலி உள்ள அதே கடலூர் மாவட்டத்தில்தான் ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராஹன் எழுந்தருளியிருக்கிறான். ஆழத்திலிருந்து பூமிப்பிராட்டியை எடுத்தவன் அவன், அவளுக்காகவே எடுத்தான். நாமும் ஆழத்திலிருந்து எடுக்கிறோம், யாருக்காக?

பேரனுக்கு இப்போது அடியேன் சொல்வது இதுவே: "உன் புத்தகம் சொல்லும் காரணம்தான் அப்பா அவனுடைய மாயம். விளக்கைப் போடும்போது அவனை நினை. வேண்டாதபோது மறக்காமல் அணைத்துவிடு."

அடியேன்
ராமாநுஜதாஸன்