பீப்பாயில் போட்ட முதல்

"நாம் குடிக்கப் போவதில்லை, தொடக்கூடப் போவதில்லை. ஸ்காட்லாந்தில் ஒரு கிடங்கில் கிடக்கும் விஸ்கிப் பீப்பாய்க்குப் பணம் கட்டுகிறோம். பத்தாண்டு கழித்து விற்று விடுகிறோம். இதில் என்ன குற்றம்?" என்றொரு கேள்வி எழுகிறது. பிள்ளைகள் சீமையில் சம்பாதிக்கும் இக்காலத்தில் இதைத் தள்ளிவிட முடியாது.

முதலில் இந்த வியாபாரம் இன்னதென்று அறிவோம். ஸ்காட்ச் விஸ்கி என்ற பெயரைப் பெற, வடித்த சாராயம் ஸ்காட்லாந்திலேயே, 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் கிடக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். வயது ஏற விலையும் ஏறும் என்பது முதல் போடுவோரின் கணக்கு. ஆனால் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் மரத்தின் வழியே ஆவியாகிப் போகிறது. அதற்கு 'வானவர்களின் பங்கு' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். மலக்குமார்கள் மீது இப்படியும் ஒரு பழி! சாராயத்தின் வலு 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் ஸ்காட்ச் என்று விற்கவும் முடியாது. வரி கட்டும்வரை சரக்கு அனுமதி பெற்ற கிடங்கை விட்டு வெளியேறாது. முதல் போட்டவர் கையில் இருப்பது காகிதமே.

காகிதம் உள்ள இடத்தில் ஏமாற்றும் உண்டு. லீத் நகரத்துப் பாட்டிசன் சகோதரர்களின் விஸ்கி நிறுவனம் 1898இல் சரிந்து, பலரையும் உடன் இழுத்துக்கொண்டு போயிற்று. சகோதரர்கள் மோசடிக்காகச் சிறை சென்றார்கள். 1983இல் சரக்கு தேங்கிப் பல வடிசாலைகள் மூடப்பட்டன. ஒரே பீப்பாய் பலருக்கு விற்கப்பட்ட கதையை 2025இல் பி.பி.சி. வெளியிட்டது.

"ஆகவே இதில் இறங்காதீர்கள்" என்று இத்துடன் முடித்து விடலாம். நாம் அப்படி முடிக்க விரும்பவில்லை. நஷ்டத்தைக் காட்டி மட்டும் தடுத்தால், நாளை நம்பிக்கையான ஒருவர் வந்து இலாபத்துக்கு உத்தரவாதம் தரும்போது என்ன சொல்வோம்? ஹராமான தொழில் என்றால் நஷ்டம்தான் வரும் என்று சிலர் பேசுவதுண்டு. அது சரியன்று. பீப்பாயில் இலாபம் கண்டவர்களும் இருக்கிறார்கள். அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம் மதுவிலும் சூதிலும் மக்களுக்குச் சில பயன்கள் உண்டென்பதை மறைக்கவே இல்லை. பாவமே அதைவிடப் பெரிது என்றுதான் அறிவிக்கிறது. இறைவன் ஒப்புக்கொண்ட இலாபத்தை நாம் ஏன் மறுக்க வேண்டும்?

இனி, "குடிக்கவில்லையே" என்ற சமாதானம். மதுவின் விஷயத்தில் பத்துப் பேரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்ததாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பதைத் திர்மிதீயில் காண்கிறோம். குடிப்பவன் அதில் ஒருவனே. பிழிபவன், சுமப்பவன், விற்பவன், வாங்குபவன், அதன் கிரயத்தை உண்பவன் ஆகியோரும் அதில் அடங்குவர். பீப்பாய்க்காரர் இதில் மூன்று இடங்களிலாவது நிற்கிறார். மரத்துக்கும் காகிதத்துக்கும்தான் சொந்தக்காரர் என்பாரானால், கடைசியில் குடிப்பவன் ஒருவன் இல்லாமல் அந்தக் காகிதத்துக்கு விலை ஏது?

அறியாமல் முன்பே பணம் போட்டவர் என்ன செய்வது? "மனைவி மக்களுக்காகச் சேர்த்த பணமாயிற்றே!" என்ற கவலை பொய்யன்று. அபூதல்ஹா (ரலி) அவர்களுக்கும் இதே கவலை வந்தது. அவர்கள் பொறுப்பிலிருந்த எத்தீம்களுக்கு வாரிசுச் சொத்தாக மது வந்திருந்தது. கொட்டிவிடச் சொன்னார்கள் நபியவர்கள். காடியாக்கிக் கொள்ளலாமா என்று கேட்டதற்கும் வேண்டாம் என்றே பதில் வந்தது. எத்தீம்களின் சொத்தைக் காப்பதில் இஸ்லாம் எவ்வளவு கண்டிப்பானது என்பது நமக்குத் தெரியும்; அந்தச் சொத்துக்கே இந்தத் தீர்ப்பு.

காடியாக்குவதற்கு ஹனஃபீ மத்ஹபில் இடமுண்டு. எதையேனும் சேர்த்துக் காடியாக்குவதை ஷாஃபிஈ மத்ஹபு ஏற்பதில்லை. ஆனால் மதுவை மதுவாகவே ஒரு முஸ்லிம் விற்கலாம் என்று இரண்டிலும் இல்லை. ஆதலால் சிக்கியிருப்பவர் வேறொருவர் தலையில் கட்டிவிடப் பார்க்காமல், விற்றவரிடமே ஒப்பந்தத்தை முறித்துப் போட்ட முதலை மட்டும் பெற வழியுண்டா என்று தம் மஹல்லா ஆலிமிடம், காகிதங்களையும் எடுத்துச் சென்று, கேட்டறிவாராக.