இன்னொரு சீசன்

மயிலாப்பூரில் சீசன் என்றால் மார்கழி.
பெரியமேட்டில் இன்னொரு சீசன் நடக்கிறது, கால்பந்து சீசன்.

*

2018 அக்டோபர். திருமயிலை ஸ்டேஷன். படிக்கட்டு வரை பக்கிங்காம் கால்வாயின் வாடை. பறக்கும் ரயில் வருகிறது. ஜன்னலோரம் இடம். பைக்குள் நீலச் சட்டை, மடித்தபடி.

*

பார்க் டவுனில் இறங்கி நடக்கிறேன். வானத்தில் இன்னும் வெளிச்சம். நேரு ஸ்டேடியத்தின் விளக்குகள் அதற்குள் எரிகின்றன.

*

பக்கத்து இருக்கை காலி. அதற்கடுத்ததும் காலி. பிளாஸ்டிக்கில் பகல் வெயில் மிச்சமிருக்கிறது. உள்ளங்கையை வைக்கிறேன். எடுக்கிறேன்.

*

மார்ச் 17 தானாக நினைவில் வருகிறது. பெங்களூர், லீக்கின் இறுதி ஆட்டம். மெயில்சன் ஆல்வெஸ் இரண்டு முறை தலையால் முட்டுகிறார். 3-2. சென்னையின் எஃப்சிக்கு இரண்டாவது கோப்பை.

ஏழு மாதம்கூட ஆகவில்லை.

*

கோட்டோரம் அதே பயிற்சியாளர், ஜான் கிரெகரி. நடுக்களத்தில் தன்பால் கணேஷ் இல்லை. வியாசர்பாடிப் பிள்ளை. காயம்.

அவர் இல்லாததால்தான் தடுமாறுகிறோம் என்று ஒரு எண்ணம் எழுகிறது. கொஞ்ச நேரம் இருக்கிறது. பந்து இந்தப் பக்கம் வந்ததும் கலைகிறது.

*

கோல். எங்கள் வலையில்.

சத்தம் இல்லை. வரிசை வரிசையாக ஒரு மூச்சு இறங்குகிறது. பி ஸ்டாண்டில் மேளம் நிற்கிறது.

எண்ணுகிறேன். என் மூச்சில் ஏழு.

மேளம் மறுபடி ஆரம்பிக்கிறது.

*

திரும்பும் ரயில். மேல்கம்பியைப் பிடித்த விரல்களில் நீலச் சாயம். ஒரு சிறுவன் அப்பா தோளில் தூங்குகிறான். அவர் அசையாமல் நிற்கிறார், சேப்பாக்கம் தாண்டியும், கலங்கரை விளக்கம் தாண்டியும்.

*

சாந்தோம் கடற்கரை, விடிகாலை. இரண்டு ஜோடி செருப்பு ஒரு கோல் கம்பம். ஈர மணலில் பந்து ஓடவில்லை, புரள்கிறது. அலை வந்து ஒரு செருப்பை இழுக்கிறது. ஆட்டம் நிற்கிறது. செருப்பு கிடைக்கிறது.

தோற்ற பக்கம்தான் இன்னொரு ஆட்டம் கேட்கிறது.

*

மார்கழி பிறக்கிறது. ஆசியக் கோப்பைக்காக லீக் நிற்கிறது. மாட வீதியில் கோலப்பொடி பனியில் ஊறியிருக்கிறது. சபா கேன்டீனில் டிகாக்‌ஷன் மணம். உள்ளே தம்புரா.

கால்கள் ஸ்டேஷன் பக்கம் திரும்புகின்றன. இன்று ஆட்டம் இல்லை.

*

2019 ஜனவரி 6. அபுதாபி. டிவியின் ஒலியைக் குறைத்து வைத்திருக்கிறேன். தாய்லாந்துக்கு எதிராக இந்தியா 4-1. மூன்றாவது கோல் அனிருத் தாபா. நான்காவது ஜெஜெ. இரண்டு பேரும் எங்கள் ஆட்கள்.

லீக்கில் இந்த சீசன் ஜெஜெ இன்னும் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அதே கால்கள்.

மின்விசிறி சுற்றுகிறது. வெகு நேரம் அதையே பார்க்கிறேன்.

*

பிப்ரவரி 9. பெங்களூர் அணி வந்திருக்கிறது. இந்த ஆண்டின் கோப்பை அவர்களுக்குத்தான் போகப்போகிறது. இன்று அது யாருக்கும் தெரியாது.

ஜெஜெ.
பிறகு கிரெகரி நெல்சன்.

2-1. சொந்த மைதானத்தில் சீசனின் முதல் வெற்றி.

எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். எனக்கு முன்னால் முதுகுகள் மட்டும். முதுகுகளுக்கு இடையே பச்சை. தொண்டை அடைக்கிறது. உட்கார்ந்தே இருக்கிறேன்.

*

வெளியே வருகிறேன். சுண்டல்காரர் விளக்கை அணைக்கிறார். காகிதப் பொட்டலத்தில் சூடு. உப்பு கொஞ்சம் கூடுதல்.

*

மார்ச். மொட்டை மாடிக் கொடியில் நீலச் சட்டை. காற்று வந்தால் தோள் நிமிர்கிறது. நின்றால் தொங்குகிறது. கபாலி கோயில் மணி கேட்கிறது.

*

18 ஆட்டங்கள். 2 வெற்றி. 3 டிரா. 13 தோல்வி. 9 புள்ளிகள்.

பத்து அணிகளில் பத்தாவது இடம்.