வளையம் கழன்ற கை



சென்ற மாதம் என் இளைய மகனோடு வெள்ளகவிக்கு இறங்கினேன். நம் சபைச் சகோதரி ஒருவரின் தாயார் அங்கே சுகவீனமாய்ப் படுத்திருந்தார்கள். வட்டக்கானலில் ஜீப்பை விட்டோம். டால்ஃபின் நோஸ் பாறையைத் தாண்டினால் அப்புறம் வேரும் கல்லும் செங்குத்துச் சரிவும்தான்.

மகன் முன்னே நடந்தான். அவன் என்னோடு பேசி பதினெட்டு நாள் ஆகியிருந்தது. குற்றம் என்னுடையது. ஒரு சனிக்கிழமை ராத்திரி ஒரு மணிக்கு அவன் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். இடிந்த பட்டணம், வாயைப் பிளந்த மிருகம். விளையாட்டின் பெயர் ‘காட் ஈட்டர்’. தெய்வத்தைத் தின்பவன்! அதற்குமேல் ஒன்றும் விசாரிக்கவில்லை. கீபோர்டைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன். தடுக்க வந்த பிள்ளையின் கன்னத்திலும் என் கை விழுந்தது. விடிந்ததும் பிரசங்கபீடத்தில் நின்று, இப்படிப்பட்ட விளையாட்டுகள் அந்திகிறிஸ்துவின் கண்ணி என்று முழங்கினேன். நீங்கள் ஆமென் சொன்னீர்கள். அவன் கடைசி வரிசையில் கன்னத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பாதி வழியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது நானே ஆரம்பித்தேன்: “அதுல என்னதான்டா இருக்கு தம்பி?”

சொன்னான். ஜப்பான்காரர்கள் 2010-ல் வெளியிட்ட விளையாட்டாம். கதை நடக்கிற வருஷம் 2071. அராகாமி என்ற மிருகங்கள் மண்ணையும் இரும்பையும் மனுஷனையும் தின்று உலகம் பாழாய்க் கிடக்கிறது. துப்பாக்கியும் குண்டும் பலிக்காது. ‘ஆரக்கிள் செல்’ என்னும் தின்கிற அணுக்கள் கூடித்தான் அவற்றின் சரீரமே. வெட்டிப் போட்டாலும் கலைந்துபோய் வேறிடத்தில் திரும்பக் கூடும். உள்ளிருக்கும் கருவைப் பிடுங்கினால்தான் காரியம் ஆகும்.

“பின்ன எதால கொல்றாங்க?”

“அதே செல்லுல செஞ்ச ஆயுதத்தாலதான்ப்பா. வேட்டைக்காரன் உடம்புலயும் அதையே ஏத்துவாங்க. கையில ஒரு வளையம் பூட்டுவாங்க. அது வழியா மருந்து இறங்கிட்டே இருக்கணும். வளையம் போச்சுன்னா அவனே அராகாமி ஆயிருவான்.”

லிண்டோ என்ற தலைவனுக்கு அப்படித்தான் ஆனதாம். தன்னோடு வந்தவர்களைத் தப்பிப்போகச் சொல்லித் தான் மாட்டிக்கொண்டவன். வளையம் போய், வலது கை மிருகத்தின் கையாகிவிட்டது.

நான் என் வலது கையைப் பார்த்தேன்.

கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் நிருபம் பத்தாம் அதிகாரத்தில், நம்முடைய ஆயுதம் மாம்சத்தைச் சேர்ந்ததல்ல என்று பவுல் சொல்லுகிறதை எத்தனை கன்வென்ஷனில் பேசியிருப்பேன்! அன்று நான் எடுத்த ஆயுதம் கோபம். அது சத்துருவின் பட்டறையில் அடித்தது. சத்துருவின் ஆயுதம் கையிலிருக்கிறவனுக்கு, மருந்து நாள்தோறும் இறங்கவேண்டாமா? கூட்டத்துக்கு நோட்டீஸ், மைக்செட், பந்தல் என்று அலைந்து, என் அதிகாலை ஜெபம் நின்றே ஒரு மாதம் ஆகியிருந்தது. ஊழியம் ஓடிக்கொண்டிருந்தது, வளையம் கழன்றிருந்தது. கீபோர்டை உடைத்தேனே, பலன் என்ன? ஒரு வாரத்துக்குள் சிநேகிதன் வீட்டில் விளையாடினானாம்.

“அப்படி என்னடா ருசி?”

“நாலு பேரா போவோம்ப்பா. ஒருத்தன் விழுந்தா, இன்னொருத்தன் தன் உயிர்ல பாதியக் குடுத்துத் தூக்கிவிடணும்.” கொஞ்சம் நிறுத்திச் சொன்னான்: “நம்ம வீட்ல யாரு யாரப்பா தூக்கிவிட்டா?”

பிரியமானவர்களே, எனக்குப் பதில் வரவில்லை. அந்த விளையாட்டு நல்லது என்று சொல்ல வரவில்லை. பிள்ளையின் தூக்கத்தைத் தின்கிறது, படிப்பைத் தின்கிறது. ஆனால் அதன் கரு இருந்தது என் வீட்டு மௌனத்தில்.

“அந்த லிண்டோவ என்ன பண்ணாங்க? கொன்னுட்டாங்களா?”

“கொல்லலப்பா. தேடிப்போய்க் கூட்டிட்டு வந்துட்டாங்க.”

வெள்ளகவி ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. கோயில்கள் நிறைந்த அவ்வூரின் வழக்கம் அது. விருந்தாளியாய்ப் போகிற நாமும் மதிக்கவேண்டும். மோசேயும் கழற்றினவன்தானே. எல்லையில் குனியப்போனேன், முழங்கால் மடங்கவில்லை. மகன் உட்கார்ந்து என் ஷூ நாடாவை அவிழ்த்தான். அவன் கன்னத்தைத் தொட்டு, “மன்னிச்சுக்கடா” என்றேன். “ம்” என்றான், அவ்வளவுதான்.

அந்தத் தாயார் இப்போது எழுந்து நடமாடுகிறார்கள், கர்த்தருக்கு மகிமை. மகனின் ராத்திரி விளையாட்டு இன்னும் நிற்கவில்லை. அதற்காகவும், என் கைக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை சொன்ன ஆமெனைத் தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.