ஊதா நிறம் யாருக்கு?

தபசு காலப் பூசையில் குருவானவர் அணியும் ஊதா, முன்னாளில் இராஜாக்களின் நிறம். தீர் பட்டணத்தார் அதைக் கடல் நத்தைகளிலிருந்து எடுத்தார்கள். 1909-ல் பிரீட்லாண்டர் என்ற இரசாயன அறிஞர் 12,000 நத்தைகளிலிருந்து பெற்ற சாயம் 1.4 கிராம்தான்!

நம் ஆண்டவருக்கோ சேவகர் அந்நிற உடையைப் பரிகாசத்துக்காகவே உடுத்தினார்கள். (மத்தேயு அதைச் சிவப்பு என்கிறார், சேவகன் ஒருவனின் பழைய போர்வையாகவும் இருந்திருக்கலாம்.) முழந்தாளிட்டு நகைத்தவர்கள் உடையைக் கண்டார்கள், உள்ளிருந்தவரை அறியவில்லை.

பிலிப்பியில் ஊதாத் துணி விற்ற லிதியாளோ, அதை வாங்க வகையற்ற அர்ச். சின்னப்பரைத் தன் வீட்டில் தங்கும்படி வற்புறுத்தினாள்.

1856-ல் லண்டனில் பெர்கின் என்ற 18 வயது வாலிபர் கொயினா மருந்து செய்ய முயன்று, செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டார். இன்று அந்நிறம் ஏழை வீட்டுக் கொடியிலும் காய்கிறது. ஆயினும் நம் கலியாண வீடுகளில் பட்டுக்கு முன்வரிசை, நூல் சேலைக்குக் கதவோரம். அங்கே நிற்பவளுக்கு நாற்காலி போட நம்மில் யார் எழுந்தோம்?