ஒட்டுத்துணி யாருக்கு அறம்?

பழைய ஜீன்சைத் தூக்கி எறியாதே, வெட்டிப் பையாகத் தை, முழங்காலில் ஒட்டுப்போட்டு இன்னும் நாலு வருசம் உடுத்து என்கிறார்கள் சூழலியல் பேசுகிறவர்கள். நியாயமான பேச்சுதான். பருத்தி விளைவதிலிருந்து வீட்டில் துவைப்பது வரை ஒரு ஜீன்சுக்கு 3,781 லிட்டர் தண்ணீர் போகிறது என்று லீவைஸ் கம்பெனியே 2015இல் கணக்குச் சொன்னது. அதில் பெரும்பங்கு பருத்திக் காட்டுக்கு.

ஆனால் இதை நம்ம சனத்துக்கு யாரும் புதுப்பாடமாக நடத்த வேண்டியதில்லை. கந்தலாகி, கரித்துணியாகும்வரை உடுத்தியவர்கள் நாம். அதை யாரும் அறம் என்று சொன்னதில்லை. "நாங்க கிழிசல் போட்டா பஞ்சப் பரதேசி, அவுக போட்டா பேசனா?" என்று சேரியில் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

பழந்துணி வறுமையால் மட்டும் நம்மிடம் வரவில்லை. விதியாகவும் வந்தது. மனுவின் பத்தாம் அத்தியாயம் சண்டாளருக்குப் பிணத்தின் துணியையும், சூத்திரருக்கு எசமானின் பழந்துணியையும் ஒதுக்குகிறது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் இடுப்புக்கு மேலேயோ முழங்காலுக்குக் கீழேயோ உடுத்தக்கூடாது. சட்டை, பனியன் கூடாது என்பவை அவற்றில் அடக்கம். 2012இல் தருமபுரியில் நம் குடியிருப்புகள் எரிந்தன. ஜீன்சும் டீ-சர்ட்டும் கூலிங்கிளாசும் போட்டு நம் பையன்கள் பெண்களை மயக்குகிறார்கள் என்று அதே ஆண்டில் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் பேசினார். செப்பு ஆணி அடித்த ஜீன்சுக்கு 1873இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியபோது அது கூலி உழைப்பாளியின் உடுப்பு. இங்கே உழைக்கிறவன் போட்டால் திமிர்!

அப்படியென்றால் பழசே ஆகாதா? அப்படியில்லை. சுடுகாட்டிலும் குப்பைமேட்டிலும் கிடந்த துணியைப் பொறுக்கித் தைத்துச் சீவரமாக உடுத்தினார்கள் பிக்குகள். மனு சண்டாளனுக்குக் கொடுத்ததும் பிணத்துணிதான். ஒன்று திணித்தது, மற்றது தேர்ந்தது. சங்கத்தில் அரசகுலத்து ஆனந்தரும் குப்பை அள்ளிய சுனீதரும் ஒரே சீவரத்தில் இருந்தார்கள். 1927 டிசம்பரில் மகாடில் நம் பெண்களிடம் அம்பேத்கர் இரண்டையும் சேர்த்தே சொன்னார்: ஒட்டுப்போட்ட சேலையானாலும் சுத்தமாக இருக்கட்டும், என்ன உடுத்துவது என்பதில் எவனுக்கும் தடைபோட உரிமையில்லை.

ஆகவே துணி பழசா புதுசா என்பதல்ல நம் கேள்வி. வேண்டாம் என்று சொல்ல முடிகிறதா, புதுசு வாங்கி உடுத்தினால் அடிவிழாமல் தெருவில் நடக்க முடிகிறதா என்பதுதான். அந்த உரிமை கையில் இருக்கும்போது நாம் தைக்கிற ஒட்டு, பூமிக்குச் செய்கிற நன்மை. அது இல்லாதபோது அதே ஒட்டு அடிமைச் சின்னம்.

மறுபயன்பாடு பேசுகிற நண்பர்களிடம் ஒன்று கேட்போம். ஊரிலிருந்து சேரிக்கு மூட்டை மூட்டையாகப் பழந்துணி வருகிறது. சேரியில் துவைத்து மடித்த ஒரு நல்ல ஜீன்சை வாங்கி உங்கள் பிள்ளைக்குப் போடுவீர்களா? ஒரே திசையில் போகிற துணிக்குச் சுழற்சி என்று எப்படிப் பேர் வைப்பது?